முதல் பக்கத்தில் யாருக்கும் முறை வராது

நீ திருடியிருக்கிறாய். நம்மோடு நண்டு விற்கிற சரோஜா சொன்னதை, அவள் சொன்ன வரிசை மாறாமல் எடுத்து, உன் கம்பெனிக்குப் பணம் கட்டுகிற ஒரு நண்டுக் கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய். ‘பழவேற்காடு நண்டு’ என்று யார் தேடினாலும் இன்றைக்கு முதலில் வருவது அந்தப் பக்கம்தான். அந்த ஆளுக்கு இங்கே ஒரு படகு கிடையாது, ஒரு வலை கிடையாது. அவர் விற்கிற நண்டு எந்தக் குட்டையில் வளர்ந்தது என்று அவருக்கே தெரியுமோ என்னவோ. ஆனால் பக்கத்தின் உச்சியில், நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டுகிற இரண்டு கைகள் தெரிகின்றன. அவை என் கைகள். நீ கல்லூரியில் படிக்கும்போது நம் வீட்டு வாசலில் வைத்து எடுத்த படம்.

எனக்கு இது தெரியவருவதற்கு முன்னால்தான் நீ செய்தி அனுப்பியிருந்தாய். கம்பெனியை விட்டு வெளியே வருகிறேன், சொந்தமாகத் தொடங்குகிறேன், இணையதளம் வைத்திருப்பவர்களுக்குத் தேடலில் மேலே வருவது எப்படி என்று ஆலோசனை சொல்லப்போகிறேன், என் முதல் வாடிக்கையாளர் என்று உன்னைத்தான் போடப்போகிறேன், என் வேலையைப் பற்றி நாலு வரி நல்லதாக எழுதிக் கொடு என்று கேட்டாய். எழுதத்தான் உட்கார்ந்தேன். பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நாலு வரியில் அடங்காது. தொழில் தொடங்குகிறவனுக்கு நான் சொல்லவேண்டியதும் இருக்கிறது, கேட்கவேண்டியதும் இருக்கிறது. ‘அம்மாவுக்கு என்ன தெரியும்’ என்று தள்ளிவிடாதே. நீ சென்னைக்குப் போன பிறகு நம் நண்டு விற்கிற தளத்தை ஓட்டியவள் நான். பிழை எல்லாம் செய்து பார்த்தவளும் நான்தான்.

தளத்தைக் கட்டியது நீ, மறுக்கவில்லை. வியாபாரி கரைக்கு வந்து நண்டை மல்லாத்திப் போட்டு, அடிவயிற்றை அமுக்கி, ‘தண்ணி நண்டு’, சதையில்லை என்று பாதியைக் கழிப்பான். கழித்ததையும் பிறகு அதே கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவான். பார்த்துப் பார்த்து உனக்கு எரிந்தது. “நேரா சாப்புடுறவங்களுக்கே விப்போம்மா” என்றாய். நானும் மேரியும் சரோஜாவும் சேர்ந்தோம். உன் நைனா மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, “நண்டு இன்னா கம்ப்யூட்டர்ல பூந்தா போவும்?” என்று கேட்டார். சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு அன்று ஒரு நியாயம் இருந்தது. நடுவில் நிற்கிறவனைத் தாண்டிப் போகப்போகிறோம் என்று நம்பினோம்.

இரண்டு வருஷம் நம் தளத்தின் தலைப்பு ‘முகப்பு’ என்றே இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? தேடலில் எங்களைக் காண்கிறவருக்கு ‘முகப்பு’ என்று மட்டும் தெரியும். என்ன விற்கிறோம், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. கடைக்கு மேலே ‘பலகை’ என்று எழுதிப் பலகை மாட்டியது மாதிரி. நீயும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. உன்னிடம் வருகிறவர்களின் தளத்தில் முதலில் அதைப் பார். அதை மாற்றிய பிறகு எனக்குப் பேராசை வந்தது. எவனோ ஒரு காணொளியில் சொன்னதைக் கேட்டு, ‘பழவேற்காடு நண்டு’ என்பதை வரிக்கு வரி நுழைத்தேன். மேரி வாசித்துவிட்டு, “இன்னாக்கா இது? ஜெபமாலை உருட்டுறா மாதிரி ஒரே வார்த்தைய உருட்டிக்கினு கீற? நண்டு வாங்க வர்றவ முட்டி போட்டுடப்போறா” என்றாள். அவள் சொன்னதுதான் சரி. மனிதர் வாசிக்க முடியாததை எந்த இயந்திரத்துக்காக எழுதுவது? அந்த இயந்திரமும் அதை மதிக்கவில்லை, கீழே தள்ளியது.

என்னைக் கிண்டல் செய்த மேரி சும்மா இருந்தாளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களைக் கோயில் வாசலிலேயே மறித்து, ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போடவைத்தாள். அவர்களில் பாதிப்பேர் நம்மிடம் நண்டு வாங்கியதே இல்லை. ஏன் வாங்குவார்கள், அவரவர் வீட்டிலேயே வலை காய்கிறது. சில நாளில் அத்தனையும் காணாமல் போயின. மிஞ்சியது முகம் தெரியாத ஒருவர் போட்ட மூன்று நட்சத்திரம்: ‘நண்டு நன்றாக இருந்தது, ஆனால் கட்டியிருந்த ஈரக் கயிறே பாதி எடை.’ எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அது உண்மை. அந்தத் தடிக்கயிறு வியாபாரிகளிடம் நாம் கற்ற வித்தை. மெல்லிய கயிற்றுக்கு மாறினோம். மாறிவிட்டோம் என்று அவருக்குக் கீழேயே பதில் எழுதினேன். அந்தப் பதிலை வாசித்துவிட்டு வாங்க வந்ததாகப் பலர் சொன்னார்கள். உன்னிடம் வருகிறவர்கள் நல்ல மதிப்புரை சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். கெட்டதுக்குப் பதில் எழுதச் சொல். பதில் எழுதுவதற்கு முன்னால் கயிற்றை மாற்றச் சொல்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று செய்தேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. போன வருஷம் நாம் தேடலில் இரண்டாம் பக்கத்துக்கு இறங்கினோம். எனக்குப் பயமே வரவில்லை. ஏரியில் பாடு எப்படி நடக்கிறது? மீன் ஓடுகிற இடம் இன்றைக்கு நம் குடும்பத்துக்கு, நாளைக்கு அடுத்த வீட்டுக்கு. சீட்டுப் போட்டு வரிசை வைத்து, தலைக்கட்டுப்படி சுற்றிக்கொண்டே வரும். உன் முறை நாளில் வேறு எவனும் அங்கே வலை இறக்கமாட்டான், இறக்கினால் ஊர் கூடிக் கேட்கும். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவள் நான். தேடலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். இப்போது மேலே இருப்பவர்களுக்குப் பாடு, அவர்கள் முறை முடிந்ததும் நாம் ஏறுவோம். ஓர் அமாவாசை பார்த்தேன், இன்னோர் அமாவாசை பார்த்தேன். ஒரு வரி புதிதாக எழுதவில்லை, ஒரு படம் மாற்றவில்லை. உன் நைனாவும் என்னைப் போலவே நம்பி, “சீட்டுப் போட்டுட்டாங்களா? நம்ம பேரு எழுதிக் குடுத்தியா, இல்லியா?” என்று சாப்பிடும்போதெல்லாம் விசாரித்தார். எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. எவனிடம் ஆளும் பணமும் இருக்கிறதோ அவனுக்குத் தினமும் பாடு. ‘முதல் இடம் உறுதி’ என்று யார் சொன்னாலும் அவன் ஏமாற்றுக்காரன் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். நீ தொடங்கப்போகும் தளத்தின் மாதிரியை அனுப்பினாயே, அதில் முதல் வரி என்ன எழுதியிருக்கிறாய் என்று திரும்பப் போய்ப் பார்.

‘நம்ம மொறை வரும், பொறு’ என்று நான் சரோஜாவிடமும் சொன்னேன். யாரிடம் போய்ச் சொன்னேன் பார். இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறவள் அவள். அவர்களுக்கு ஏரியில் பாடு கிடையாது, வலையும் கிடையாது. தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, கையால் தடவி இறால் பிடிப்பார்கள், சேற்று வளைக்குள் கையை விட்டு நண்டு எடுப்பார்கள். நம் ஆட்களின் வலைப்பக்கம் வந்தால் நம் ஆட்களே விரட்டுவார்கள். உன் நைனாவும் விரட்டியிருக்கிறார். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“ஒனக்கு வரும்க்கா. எனக்கு ஏரியிலயே மொறை கெடையாது, ஒன் போன்லயா வந்துடப்போவுது? மொறைக்குக் காத்துக்கினு இருந்தா எம்புள்ளைங்க இன்னாத்த துன்னும்? கை கீது, உட்டு தொழாவுறேன். நீயும் தொழாவு.”

“எங்கடி தொழாவுறது?”

“போன் போடுறவங்க ஒன்னாண்ட இன்னா கேக்குறாங்க?”

“சதை இருக்குமா, தண்ணியா இருக்குமான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க.”

“அப்போ அத்த எழுதேன். நண்டு நண்டுன்னு எழுதிக்கினு கீற, வாங்குறவளுக்கு நண்டுன்னு தெரியாதா?”

அவள் சொல்லச் சொல்ல நான் போனில் தட்டினேன். “பௌர்ணமிய ஒட்டி வாங்காத, ஓடுதான் மிஞ்சும். அமாவாசைக்கு வாங்கு. பின்னங்கால் கிட்ட அடிவயித்த கட்ட விரலால அமுக்கு. அமுங்குச்சா, தண்ணி. கல்லு மாதிரி கீதா, எடு. செத்தத சும்மா குடுத்தாலும் வாணாம்.” மேரி ஒப்பவில்லை. “பாதி மாசம் வாங்காதன்னு நாமளே சொன்னா எவ வாங்குவா?” என்றாள். வாங்கினார்கள். பௌர்ணமிக்கு வேண்டாம் என்று சொன்னவர்களை அமாவாசைக்கு நம்பினார்கள். வாரம் தவறாமல் தளத்தில் எழுதினேன், நண்டு இல்லாத நாளில் ‘இன்றைக்கு நண்டு இல்லை’ என்றே போட்டேன். மெல்ல மெல்ல மேலே வந்தோம். வாங்குகிறவள் வாய்விட்டுக் கேட்கிற கேள்விக்கு, தண்ணீரில் கை நனைத்தவள் பதில் சொன்னால் போதும். நீ ஆலோசனை என்று விற்கப்போவதில் உருப்படியானது அவ்வளவுதான். அதைச் சொன்னவள் எழுதப் படிக்கத் தெரியாதவள்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். தளம் கட்டிய நாளில் ‘எங்களைப் பற்றி’ என்ற இடத்தில் மூன்று பெயர் எழுதியிருந்தாய். நான் ஒன்றை எடுக்கச் சொன்னேன். “ஏம்மா, சரோஜாக்கா பேரு வாணாமா?” என்று கேட்டாய். “ஊர்ல பேசுவாங்கடா. நண்டு மட்டும் வரட்டும்” என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அழித்தாய். பௌர்ணமிப் பக்கத்திலும் ‘எங்கள் அனுபவத்தில்’ என்றுதான் நான் எழுதினேன். யாருடைய அனுபவம்? நான் ஒரு வளைக்குள்ளாவது கை விட்டிருக்கிறேனா? பெயரை எடுத்துவிட்டு உழைப்பை வைத்துக்கொள்ளும் வேலையை நீ கம்பெனியில் கற்கவில்லை. என்னிடம் கற்றாய். அதனால்தான் எனக்கு உன்மேல் வரும் கோபம் பாதி வழியில் திரும்பி என்மேலேயே விழுகிறது. இந்த வாரம்தான் அவள் பெயரைப் போட்டேன். ஊர் பேசத்தான் செய்கிறது. பேசட்டும், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏன் இந்த வாரம் என்றால், போன சனிக்கிழமை ஒரு பெண் சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தாள். கையில் தெர்மாகோல் பெட்டி. வந்த வேகத்தில் அதை என் காலடியில் வைத்து மூடியைத் திறந்தாள். மேரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“எங்கப்பா ஆஸ்பத்திரியிலேருந்து நேத்துதான் வீட்டுக்கு வந்தார். நண்டு ரசம் கேட்டார்னு வாங்கினேன். இதைத்தான் அனுப்புவீங்களா?”

“நாங்க அனுப்பலம்மா. எங்க சைட்டுல வாங்குனீங்களா?”

“பேர் மாத்தி ரெண்டு சைட் நடத்தினா தெரியாதா? அங்க போன் எடுக்கல. தேடிப் பார்த்தா இங்கயும் அதே படம். இது உங்க கைதானே?” என்று போனை நீட்டினாள். என் கைதான். என் இடது சுட்டுவிரலில் வலைக்கயிறு அறுத்த தழும்புகூடத் தெரிந்தது.

சரோஜா பெட்டிக்குள் கை விட்டு ஒரு நண்டை எடுத்துத் திருப்பினாள். “இது நம்ம ஏரி நண்டே இல்லம்மா. குட்டையில வளத்தது. செத்து ரெண்டு நாளாவுது. இத்தயெல்லாம் தொடவே கூடாது.”

“அதையும் நீங்கதான் எழுதியிருக்கீங்க” என்று அந்தப் பெண் கோபமாகப் போனைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள். ‘பௌர்ணமியை ஒட்டி வாங்காதீர்கள். பின்னங்கால் அருகே அடிவயிற்றைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். அமுங்கினால் தண்ணீர். செத்ததைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.’ செத்த நண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வாசிக்கிறாள். சரோஜா முதலில் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு அவள் தலை நின்றது. “யக்கா, இது நான் சொன்னதாச்சே” என்றாள். “இது நம்ம சைட்டு இல்லன்ற நீ. அப்போ என் வாயில இருந்தத எவன்க்கா எழுதினான்?”

தெரியாது என்றேன். அப்போது எனக்கு மெய்யாகவே தெரியாது. அந்தப் பெண்ணிடம் இரண்டு பக்கத்தையும் அருகருகே காட்டிப் புரியவைத்தோம். சரோஜா தன் கூடையில் இருந்த கெட்டியான நண்டுகளில் ஒன்றை எடுத்து, “அப்பாவுக்கு வெச்சிக் குடு” என்று சும்மாவே கொடுத்தாள். அந்தப் பெண் போன பிறகுதான் படம் யாரிடம் இருந்தது என்று யோசித்தேன். உனக்குப் போன் போட்டேன்.

“போட்டோ நான் எடுத்ததுதானம்மா” என்றாய்.

“சரோஜா சொன்னது?”

“ரேங்க் ஆவணும்னா நல்லா எழுதியிருக்கணும். அதான் நல்லா இருந்துச்சு. நான் எழுதலன்னா வேற எவனாவது எடுத்து எழுதுவான்.”

“எவனாவது எழுதட்டும்டா. நீ எழுதலாமா?”

“மீட்டிங்ல இருக்கேன்மா” என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன்.

அந்தத் தளத்தை நானும் உன் நைனாவும் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தோம். சென்னையின் ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு பக்கம் போட்டிருக்கிறாய். அண்ணா நகர் நண்டு, வேளச்சேரி நண்டு, தாம்பரம் நண்டு. ஊர் பெயர் மட்டும் மாறுகிறது, மற்றதெல்லாம் ஒரே எழுத்து. “அண்ணா நகர்ல எந்தத் தண்ணியிலடா புடிக்கிறானுங்கோ?” என்று அவர் கேட்டார். ‘மூன்று தலைமுறை மீனவக் குடும்பம்’ என்ற வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். “நம்மளா?” என்றார். நம்மைத்தான். அந்தக் கடைக்காரனுக்கு நம் அப்பா தாத்தாவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாய். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு படகடிக்குப் போய்விட்டார். கோபம் வந்தால் கத்துகிற மனிதர் அவர், உனக்கே தெரியும்.

உன் பக்கம் மேலே ஏறியதிலிருந்து எங்களுக்கு வருகிற போன் குறைந்துவிட்டது. எனக்கும் மேரிக்கும் சமாளிக்க வழி இருக்கிறது. வீட்டில் ஆண்களின் வலை இருக்கிறது, பாடு இருக்கிறது. சரோஜாவுக்கு இந்த ஒரு வழிதான். செவ்வாய்க்கிழமை அவள் பழையபடி வியாபாரியிடம் கூடையைக் கொண்டுபோனாள். அவன் மல்லாத்திப் போட்டு, அமுக்கி, கழித்தான். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரித்தானாம். அவள் இதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

நடுவில் நிற்கிறவனைத் தாண்டத்தான் நீ தளம் கட்டினாய். இப்போது நடுவில் நிற்பது நீ.

இன்றைக்குக் காலையிலும் அவள் கேட்டாள், “எவன்னு தெரிஞ்சிதாக்கா? உம்புள்ளையக் கேளேன், அவன் இதுலதான வேலை செய்றான், கண்டுபுடிச்சிக் குடுப்பான்.” உன்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் நண்டைக் கட்டுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். ஏற்கெனவே அவள் பெயரை மறைத்தவள் நான், உன் பெயரையும் அவளிடம் எத்தனை நாள் மறைப்பது? நான் சொல்லமாட்டேன். சொல்லவேண்டியவன் நீ. அந்தப் பக்கத்தை எடுக்கவைத்துவிட்டு வா. கம்பெனி எடுக்காது, உனக்கு அதிகாரம் இல்லை என்றால், அதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.

வருகிற சனிக்கிழமை வரைக்கும் பொறுப்பேன். நீ வந்தால் இந்தக் கடிதம் உன் போனோடு நின்றுபோகட்டும். வராவிட்டால் இதை நம் தளத்தில் ஏற்றிவிடுவேன். நீ கேட்ட நாலு வரி என்று நினைத்துக்கொள். சரோஜாவின் மகள் எட்டாவது படிக்கிறாள். அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள்.

பொன்னேரியில் ரயில் இறங்கி எந்த பஸ்ஸில் வருகிறாய்? எழுது.